தாழ்ந்த குரலில் ஒரு ஜிம் ரீவ்ஸ் பாட்டு: மேடையேற ஆசைப்படும் அப்பாக்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் என் வீட்டு மாடியில் கீபோர்டு வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் அப்பாக்களில் சிலர் வகுப்பு முடிந்த பிறகும் வண்டியை எடுக்க மாட்டார்கள். பிள்ளையை முன்னால் போகச் சொல்லிவிட்டு, "டீச்சர், எனக்கு ஒரே ஒரு பாட்டு மட்டும் சொல்லித் தருவீங்களா?" என்பார்கள். எந்தப் பாட்டு என்று கேட்கத் தேவையே இருக்காது. அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடிய 'ஹீல் ஹேவ் டு கோ'. 'அவன் போயாக வேண்டும்' என்று அர்த்தம்.

கிறிஸ்மஸுக்குக் குடும்பம் கூடும்போதோ, கூடப் படித்தவர்கள் சந்திக்கும்போதோ, ஒரு தடவையாவது மைக்கைப் பிடித்து இதைப் பாடிவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்து ஆண்கள் பலருக்கு நெடுநாள் ஆசை. நல்ல ஆசை. அவர்களுக்கு நான் சொல்லித் தரும் முறையை இங்கே எழுதுகிறேன். நொட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டாம். கீபோர்டோ கிட்டாரோ வாசிக்க ஒருவர் கூட இருந்தால் போதும்.

முதலில் கதை

வாயைத் திறப்பதற்கு முன் பாட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். மதுக்கடை ஒன்றிலிருந்து ஒருவன் தன் காதலிக்கு ஃபோன் பண்ணுகிறான். கடையில் ஜூக்பாக்ஸ் ஓடுகிறது. காசு போட்டால் நாம் கேட்ட பாட்டைப் போடும் பெட்டி அது; அந்தக் காலத்து அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாக இருந்தது. அதன் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறேன், நீ ஃபோனுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வா என்கிறான். அந்தப் பக்கம் அவள் தனியாக இல்லை. வேறொருவன் கூட இருக்கிறான். இவனுக்கும் அது தெரியும். அவன் இருக்கும்போது நான் கேட்க விரும்புவதை உன்னால் சொல்ல முடியாது, ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்வேன் என்கிறான். நான் ஃபோனை வைத்துவிடவா, அவனைப் போகச் சொல்கிறாயா? இதுதான் கேள்வி. அவள் என்ன சொன்னாள் என்பது பாட்டில் இல்லை. முதலில் பாடிய வரிகளுக்கே திரும்பி வந்து அப்படியே முடிந்துவிடுகிறது.

60 வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தப் பாட்டை ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம் அந்தப் பதில் இல்லாமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நமக்குக் கேட்பது ஃபோனின் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கத்தில் யார் இருக்கிறார், என்ன சொல்கிறார் என்பதைக் கேட்கிறவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார். 1960-லேயே ஜீன் பிளாக் என்ற பாடகி அந்தப் பெண்ணின் பதிலாக அதே மெட்டில் ஒரு பாட்டுப் பாடினார். 'ஹீல் ஹேவ் டு ஸ்டே' என்று பெயர். அவன் இருக்கட்டும் என்பதுதான் பதில். அமெரிக்காவின் பாப் ஹிட் பட்டியலில் அதுவும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. ஆனால் அதைச் சொல்லித் தாருங்கள் என்று என்னிடம் இதுவரை யாரும் வந்ததில்லை.

அதனால் பாடும்போது முடிவு தெரிந்தவர் மாதிரிப் பாடக் கூடாது. அழக் கூடாது. அழுதால் அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள் என்று ஆகிவிடும். அவன் இன்னும் காத்திருக்கிறான். குரலில் அந்த நம்பிக்கை கொஞ்சம் இருக்க வேண்டும்.

ஃபோனில் பயிற்சி

ஜோ அலிசன், அவர் மனைவி ஆட்ரி அலிசன் இருவரும் சேர்ந்து எழுதிய பாட்டு இது. ஆட்ரிக்கு மெல்லிய குரல். ஃபோனில் அவர் பேசுவது சரியாகக் கேட்காமல், வாயை இன்னும் கிட்டே வைத்துப் பேசு என்று ஜோ சொல்வாராம். அதிலிருந்துதான் முதல் வரி பிறந்தது. ஆகவே நானும் முதல் பயிற்சியை ஃபோனில்தான் கொடுக்கிறேன்.

பாட்டின் வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மனைவியையோ தம்பியையோ மொபைலோடு அடுத்த அறையில் உட்காரச் சொல்லி, ஃபோன் போட்டு, மெட்டு இல்லாமல் வரிகளைப் பேசுங்கள். சத்தம் சுவரைத் தாண்டக் கூடாது. ஃபோனில் மட்டும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். எங்கே சொல் விழுங்கப்படுகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சில நாள் இதை மட்டும் செய்யுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். எஸ்.டி.டி. பூத் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த ஆள் நிற்பார். சவூதியிலோ துபாயிலோ இருந்தவரிடம், வெளியே நிற்பவர் காதில் விழாமல், காசு ஏறுவதற்குள், முக்கியமானதை மட்டும் பேசிய ஒரு குரல் உங்களிடம் இருந்தது. அந்தக் குரலை எடுங்கள். கடியப்பட்டணத்திலிருந்து வந்த ஒருவருக்கு இதைச் சொன்ன அன்றுதான் பாட்டு வசப்பட்டது. போட்டில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவர். குரல் பெரியது, நல்ல குரல். அதைச் சின்னதாக்க முடியும் என்றே அவர் நினைத்ததில்லை. பூத் என்று சொன்னதும் தோளை இறக்கி, தலையைச் சாய்த்து, முதல் வரியைப் பாடினார். என் பிள்ளைகள் ஹோம்வொர்க்கை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரீவ்ஸும் இப்படித்தான் மாறினார். 1953-இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'மெக்சிகன் ஜோ' உரத்து, குதித்து ஓடும் பாட்டு. 1957-இல் 'ஃபோர் வால்ஸ்' பதிவில் மைக்குக்கு மிக அருகில் உதட்டை வைத்து, குரலை இறக்கிப் பாடினார். கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமிய இசைப் பாட்டுக்காரர் இப்படி மெதுவாகப் பாடுவது அன்று புதுசு. 1959 அக்டோபர் 15 அன்று நாஷ்வில் நகரில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காக இந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது அந்த முறை கனிந்திருந்தது. தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ். பில்லி பிரவுன் என்பவர் முன்பே இதே பாட்டைப் பாடி வெளியிட்டிருந்தார், அது போகவில்லை. ரீவ்ஸ் பாடியதைக்கூட கம்பெனி இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில்தான் போட்டது. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1960 பிப்ரவரியில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்து 14 வாரம் அங்கே இருந்தது. பாப் பட்டியலிலும் 2-ஆம் இடம்.

சுருதி பிடிப்பது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். பாட்டின் தலைப்பாக வரும் கடைசி வரி கீழே இறங்கி முடியும். ரீவ்ஸுக்கு அது இயல்பான இடம். அவருடைய சுருதியிலேயே பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், உங்கள் வாயிலிருந்து அந்த இடத்தில் காற்று மட்டும்தான் வரும்.

சி மேஜரில் தொடங்கிப் பாருங்கள். கடைசிச் சொல் தெளிவாக, முட்டாமல் வந்தால் சரி. வராவிட்டால் டி, அப்படியும் இல்லையென்றால் இ. சுருதியை மாற்ற கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, கிட்டாரில் மாட்ட கேப்போ என்ற கிளிப் இருக்கிறது. வாசிப்பவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

இதைச் சாயங்காலம்தான் செய்து பார்க்க வேண்டும். தூங்கி எழுந்ததும் குரல்நாண்கள் கொஞ்சம் தடித்திருப்பதால் தாழ்ந்த சுரம் தானாக வரும். குலசேகரத்திலிருந்து வரும் ஒருவர் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர். தோட்டத்தில் பாடும்போது ரீவ்ஸ் மாதிரியே வருது டீச்சர் என்பார். உண்மைதான், அந்த நேரத்துக்கு வரும். ராத்திரி எட்டு மணிக்கு மேடையில் அதே குரல் அரை சுரமோ ஒரு சுரமோ மேலே ஏறியிருக்கும். நிகழ்ச்சி எந்த நேரமோ அந்த நேரத்தில் சுருதி பாருங்கள்.

கீழ் சுரத்தை அழுத்தக் கூடாது. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டால் குரல் இறங்கும் என்று நினைத்து எல்லோரும் குனிவார்கள். அதனால் தொண்டை அடைபடுவதுதான் மிச்சம். தலை நேராக இருக்கட்டும். அந்த வரிக்கு முன்னால் மூச்சு எடுங்கள். சத்தம் குறைந்தால் குறையட்டும், மைக் பார்த்துக்கொள்ளும்.

கோர்டுகள்

சி-யில் எழுதுகிறேன். முதல் வரி சி, நடுவில் எஃப், மறுபடி சி. இரண்டாவது வரியின் முடிவில் ஜி. மூன்றாவது வரி சி-யில் தொடங்கி, சி செவன் வழியாக எஃப்-புக்குப் போகும். நான்காவது வரி சி, ஜி செவன், சி. அடுத்த நான்கு வரிக்கும் இதே மெட்டுதான். ஆமாம் இல்லை என்று கேட்கும் நடுப்பகுதி மட்டும் வேறு. எஃப்-பில் ஆரம்பித்து சி-க்கு வந்து, மீண்டும் எஃப், சி என்று போய் ஜி-யில் தொங்கி நிற்கும். அப்புறம் முதல் நான்கு வரி திரும்ப. மொத்தமே இரண்டரை நிமிஷத்துக்குள் முடிகிற பாட்டு.

ஒவ்வொரு அடிக்குள்ளும் மும்மூன்றாக ஓடும் அசைவு இது. கீபோர்டின் தானியங்கித் தாளத்தை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் பாடுகிறவர் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும். ஜி-யில் நிற்கும் அந்த இடத்தில் நீங்கள் ஒரு மூச்சு அளவு காத்திருக்க வேண்டும், கூட வாசிப்பவரும் உங்களோடு காத்திருக்க வேண்டும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற நேரம் அது.

வாசிப்பவருக்கும் ஒரு வார்த்தை. அசல் பதிவில் ஃபிடில் கிடையாது, ஸ்டீல் கிட்டார் கிடையாது. ஃபிளாய்ட் கிரேமரின் பியானோ, மார்வின் ஹியூஸின் வைப்ராஃபோன், ஹேங்க் கார்லண்டின் கிட்டார், பாப் மூரின் பேஸ், பட்டி ஹார்மனின் டிரம்ஸ், அனிதா கெர் குழுவின் ஹம்மிங். இவ்வளவு பேர் இருந்தும் யாருமே பாட்டுக்கு மேலே வரவில்லை. கீபோர்டில் பியானோவை வைத்துக்கொண்டு, வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியில் மட்டும் ஏதாவது வாசியுங்கள். கிரேமர் மாதிரி வேண்டுமென்றால், சி கோர்டு பிடிக்கும்போது டி-யைத் தொட்டுச் சட்டென்று இ-க்கு வழுக்குங்கள். அங்கங்கே செய்தால் போதும்.

ஹம்மிங் விஷயத்தில் மட்டும் நம் மாவட்டம் கொடுத்துவைத்தது. நான்கு குரலாகப் பிரித்துப் பாடும் பழக்கம் சர்ச் கொயர்களில் ஊறிப்போன ஒன்று. எந்தக் குடும்பத்திலும் ஒரு ஆல்டோ (தாழ்ந்த பெண் குரல்), ஒரு டெனர் (உயர்ந்த ஆண் குரல்) கட்டாயம் இருப்பார்கள். அத்தையையும் மைத்துனரையும் பின்னால் நிறுத்தி, வாயை மூடி ம்ம் என்று கோர்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். சொற்கள் அவர்களுக்கு வேண்டாம்.

சொல்லப்போனால் ரீவ்ஸ் நம் வீடுகளுக்குள் வந்ததே சர்ச் வாசல் வழியாகத்தான். 1963-இல் வந்த அவருடைய கிறிஸ்மஸ் இசைத்தட்டும், பக்திப் பாட்டுகளும்தான் முதலில் வந்தவை. என் அப்பா கொயரில் பேஸ், அதாவது தாழ்ந்த ஆண் குரல், பாடியவர். பாட்டா (தாத்தா) காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அந்தக் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு. அப்புறம் கல்ஃபிலிருந்து ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த டூ-இன்-ஒன் வந்தது, கேசட்டுகள் வந்தன. டிசம்பர் முழுக்கக் கிறிஸ்மஸ் பாட்டுக் கேட்ட வீட்டில் ஜனவரியில் அதே ஆளின் காதல் பாட்டு ஓடினால், பெரியவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. ரீவ்ஸ் பாட்டுக்காரராகப் பெயர் எடுப்பதற்கு முன்பே ரேடியோ அறிவிப்பாளராக வேலை பார்த்தவர். ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரிப்பார். ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும் என்கிறவருக்கும் அவர் பாடுவது புரிந்தது. மற்ற அமெரிக்கப் பாடகர்கள் நுழையாத வீடுகளில் அவர் நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே அமெரிக்க உச்சரிப்பைப் போலச் செய்ய வேண்டாம். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் பாடினால் ரீவ்ஸுக்குக் கிட்டே போய்விடலாம்.

மைக்

மைக் செட்காரரிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வழக்கமாக வைக்கும் எக்கோவில், ஃபோனில் பேசுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும். சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் மெதுவாகத்தான் பாடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாதியில் அவரே ஏற்றுவார், ஊய் என்று கூவும்.

மேடைகளில் கொடுக்கும் சாதாரணக் கைமைக்கை உதட்டுக்கு மிக அருகில் கொண்டுவந்தால் தாழ்ந்த ஒலிகள் கூடுதலாகக் கேட்கும். அந்த வகை மைக்கின் இயல்பு அது. இரண்டு விரல் தூரத்தில் வைத்தால் உங்கள் குரலுக்கே ஒரு கனம் வந்துவிடும். ஆனால் பாட்டின் முதல் சொல்லே ப என்ற ஒலியில் தொடங்குகிறது. மூச்சு நேராக மைக்கில் மோதினால் ஸ்பீக்கரில் டம் என்று அடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், கன்னத்தை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். மைக் இல்லாவிட்டால் வீட்டில் கரண்டியைப் பிடித்துக்கொண்டுகூட இதைப் பழகலாம்.

பாடுவதற்கு முன் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எதுவும் வேண்டாம். துகள் தொண்டையில் நிற்கும். வெந்நீர் போதும்.

எங்கே பாடலாம்

கல்யாண வரவேற்பில் பாடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மெட்டு இனிமையாக இருக்கிறது, சொற்கள் எல்லோருக்கும் புரியவா போகிறது என்று சிலர் வாதாடுவார்கள். புரியும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார்களுக்கெல்லாம் நன்றாகப் புரியும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடையில் உட்காரவைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவனைப் போகச் சொல் என்று பாடுவது அந்த நாளுக்கு ஏற்றதில்லை. ரீவ்ஸ்தான் வேண்டும் என்றால் அவர் பாடிய 'ஐ லவ் யூ பிகாஸ்' இருக்கிறது, அதைப் பாடுங்கள். வெள்ளிவிழா கொண்டாடும் தம்பதிக்கும் அதுவே பொருத்தம்.

'ஹீல் ஹேவ் டு கோ' பாட ஏற்ற இடம், சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கப் போன பிறகு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்காரும் நேரம். பத்து இருபது பேருக்கு மேல் வேண்டாம். பாதிப் பேர் கூடவே பாடத் தொடங்குவார்கள். பாடட்டும். ஆனால் அவர்களுக்கு ஈடாகக் குரலை உயர்த்தாதீர்கள். நீங்கள் உயர்த்தாவிட்டால் இரண்டாவது வரியிலேயே அவர்கள் இறங்கி உங்களிடம் வந்துவிடுவார்கள். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ரீவ்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த விபத்தும் வரும். 1964 ஜூலை 31, அவரே ஓட்டிய சின்ன விமானம், கூட அவருடைய பியானோக்காரர் டீன் மேனுவல். மழையும் இடியுமான வானிலையில் நாஷ்வில்லுக்கு அருகே விழுந்தது. ரீவ்ஸுக்கு வயது 40. அதற்குப் பிறகும் மனைவி மேரி அவருடைய பதிவுகள் தொடர்ந்து வெளிவர வழி செய்தார். இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1966-இல், பிரிட்டனில் ஒரு பாட்டு முதலிடத்துக்கே வந்தது. இதையெல்லாம் பாட்டுக்குப் பிறகு பேசுங்கள். முன்னால் சொன்னால் எல்லோரும் சோகத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள், நீங்களும் குரலை நடுங்கவிடுவீர்கள்.

பெண்கள் பாடலாமா என்று என் மாணவி ஒருத்தியின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாகப் பாடலாம். எஃப் அல்லது ஜி-யில் வைத்துப் பாருங்கள், ஆல்டோ குரலுக்கு நன்றாக உட்காரும். வரிகளில் அவன் அவள் என்று எதையும் மாற்ற வேண்டாம். ஒருவனின் ஃபோன் பேச்சை நீங்கள் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

முடிந்ததும் ஒன்ஸ் மோர் கேட்பார்கள். உடனே இதையே திரும்பப் பாடாதீர்கள். வாசிப்பவரிடம் முன்பே சொல்லிவைத்து, அதே சுருதியில் 'வெல்கம் டு மை வேர்ல்ட்' தொடங்கச் சொல்லுங்கள். அது எல்லோரும் சத்தமாகச் சேர்ந்து பாடக்கூடிய பாட்டு. உங்கள் தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும்.